பெயரில்லாத ஐந்து கசெட்டுகள்

பத்து வயதில் நான் மூன்று நாள் குவெஸ்தூரா அதிகாரியாக இருந்தேன். பலெர்மோவில் எங்கள் சனத்துக்குக் குவெஸ்தூரா என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது பொலிஸ் அலுவலகம். வெளிநாட்டுக்காரர் விடியமுன்னரே போய் வரிசையில் நின்று, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிடக் காகிதத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம். அப்பாவோடும் அம்மாவோடும் அந்த வரிசையில் பல தடவை நின்றிருக்கிறேன். அவர்கள் இருவரும் கையில் இருந்த காகிதக்கட்டைப் பத்துத் தரம் சரிபார்ப்பார்கள். நானோ கண்ணாடிக்குப் பின்னால் முத்திரை குத்திக்கொண்டிருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வளர்ந்தால் அவரைப்போல வரவேண்டும் என்பது என் ஆசை.

என் ஆட்சியில் வரிசைக்கு வந்தவை அப்பாவின் பாட்டுக் கசெட்டுகள். இருநூற்றுச் சொச்சம் இருந்தன. கட்டிலுக்கு மேலே பலகை அடித்து அடுக்கியிருந்தார். மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து, கை ஈரம் துடைத்து, அதில் ஒன்றை எடுத்துப் போட்டால்தான் அவருக்கு அன்றைய பொழுது போனதாகக் கணக்கு. பலெர்மோவில் எந்தத் தமிழ் வீட்டில் பிறந்தநாள் என்றாலும் பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு என்றாலும் முதல் நாள் எங்கள் கதவைத் தட்டுவார்கள். அப்பாவும் இல்லை என்று சொல்லமாட்டார். ஆனால் கொடுத்த கசெட் திரும்பி வரும்வரை சோறு இறங்காமல் திரிவார்.

அந்தக் கோடையில் எங்களுக்கு வேறு வேலை அமைந்தது. பகேரியாவில் ஒரு பழைய வில்லாவைப் பார்த்துக்கொள்ளவேண்டும். தோட்டம் அப்பாவுக்கு, வீட்டு வேலை அம்மாவுக்கு. தங்குவதற்கு வாசல் பக்கம் ஓர் அறை உண்டு. அறை ஒன்றுதான் என்பதால், கசெட்டுக்கு ஒரு சூட்கேஸ், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். நான் அடுக்கிப் பார்த்தேன். அறுபது பிடித்தது.

அப்பா ஒரு முழுக் காலையும் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து தெரிவு செய்தார். மத்தியானம் பார்த்தபோது கழிக்க வேண்டிய பக்கத்தில் மூன்று கசெட் இருந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து அதில் ஒன்றை மெதுவாகப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“எனக்கு எல்லாம் வேணும் போலத்தான் கிடக்குது, பிள்ளை. நீயே கேட்டுப் பார்த்து எடு. உனக்குத்தான் பக்கஞ்சாராத காது.”

இதைவிடப் பெரிய பதவி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. மேசையைச் சுவரோரம் இழுத்தேன். ரேப் ரெக்கோடரை வலப்பக்கம் வைத்தேன். சிவப்புப் பென்சில் ஒன்றைச் சீவிக்கொண்டேன். கசெட்டுகளைக் கட்டிலில் வரிசையாக நிறுத்தி, ஒரு விரலால் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, “நோமே? கொன்யோமே?” என்று இத்தாலியனில் பெயரும் குடும்பப்பெயரும் கேட்டேன். அட்டையில் படத்தின் பெயர் ஒழுங்காக எழுதியிருந்தால் முதல் கட்டம் தாண்டலாம். பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேட்பேன். நாடா சிக்கினால் வெளியே. ஒரே பாட்டு இரண்டு கசெட்டில் இருந்தால் இளையது வெளியே. வெளியே போவதற்குச் சிவப்புக் கோடு. அப்பா சவரம் செய்துகொண்டே வாசலில் நின்று, ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் முகத்தைச் சுளித்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

கீழ்த்தட்டின் கடைசியில் ஐந்து கசெட் றப்பர் பட்டி போட்டுக் கிடந்தன. அட்டை இல்லை. பெயர் இல்லை. எழுத்து ஒன்றுகூட இல்லை. காகிதமில்லாதவர்களை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நீதி தவறக்கூடாது என்று ஒன்றைப் போட்டுக் கேட்டேன். ரேடியோவில் இருந்து பதிந்த பழைய பாட்டு ஒன்று நன்றாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பாடகியின் குரல் மெலிந்து மெலிந்து மேலே போய், பூனைக்குட்டி கத்துவதுபோலக் கீச்சென்று ஆகி, சட்டென்று கீழே விழுந்து சரியானது. பிறகு மறுபடியும் ஏறத் தொடங்கியது. மற்ற நாலும் அப்படித்தான்.

“அப்பா, இது நெளியுது,” என்றேன்.

அப்பா அப்போது நான் கழித்த குவியலில் இருந்து எதையோ எடுத்துச் சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“நெளிஞ்சா எடுத்துப் போடு, பிள்ளை.”

ஐந்துக்கும் சிவப்புக் கோடு போட்டேன்.

அம்மா அந்த நாட்களில் வீட்டில் இல்லை. அவர் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, கோடைக்கு மொண்டெல்லோவில் கடற்கரை வீட்டுக்குப் போய்விடுவார். அம்மாவும் கூடவே போய்த் தங்கி, ஞாயிறு மத்தியானம்தான் எங்களிடம் வருவார். இருந்திருந்தால் என் ஆட்சி அந்த இடத்திலேயே கவிழ்ந்திருக்கும்.

கழித்த கசெட்டுகளுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மன்னாரக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் ஒருவர், மாதா கோவில் திருநாளுக்காகத் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சைவம். ஆனால் அவர் வீட்டில் பாட்டு முடியத் தட்டு நிறைய பிஸ்கட் கிடைக்கும் என்பதால் நானும் அந்தக் கூட்டத்தில் முன்வரிசை. பழகிய பாட்டைப் பதிந்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தால் பிள்ளைகள் கேட்டுப் படிக்கும், பழைய கசெட் இருந்தால் தா என்று கேட்டிருந்தார். சனிக்கிழமை முழுப் பையையும் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் வாங்கிய கசெட்டுகளின் முதுகில் சின்னத் தட்டு உடைந்திருக்கும். கடதாசி திணிக்காமல் அவற்றில் புதிதாகப் பதிய முடியாது. பெயரில்லாத ஐந்திலும் தட்டு உடையாமல் இருந்ததைப் பார்த்து, அக்கா இதுதான் நல்லது என்று அவற்றையே முதலில் எடுத்தார். ஒன்றைப் போட்டு அன்றைக்கே எங்கள் பாட்டைப் பதிந்தார். நான் ரேப் ரெக்கோடருக்குக் கிட்டப் போய் நின்று, தொண்டை கிழியப் பாடினேன்.

ஞாயிறு அம்மா வந்தார். சூட்கேஸைத் திறந்து பார்த்து, என் ஒழுங்கை மெச்சினார். பிறகு பலகையின் கீழ்த்தட்டைக் கையால் தடவினார்.

“இதில அஞ்சு கசெட் கிடந்ததே. எங்கை?”

நான் சட்டதிட்டங்களை விளக்கினேன். பெயர் இல்லை, நெளியுது, அப்பாவும் சம்மதம். அப்பாவின் முகம் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

“அந்தக் கசெட்டோ, பிள்ளை... நான் பார்க்கேல்லையே,” என்றார்.

அம்மா யாரையும் ஏசவில்லை. அப்போதுதான் கழற்றிய செருப்பை மறுபடியும் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தார்.

அந்தக் கசெட்டுகள் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, யாழ்ப்பாணத்தில் இருந்து அனுப்பியவை. கொழும்புக்கு வந்த யாரோ கொண்டுவந்து, பிறகு இத்தாலிக்கு வந்த யாரோ கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எங்களிடம் சேர்ந்தவை. அங்கே சண்டை நெருங்கி, சனமெல்லாம் வீடுவாசலை விட்டு எழும்பிப் போன பிறகு மாமாவிடம் இருந்து கசெட்டும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அதற்குள் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கடிதம் வராததற்கு நான் அறிந்த காரணம் மாமா சோம்பேறி என்பதுதான். ஏனென்றால் நானும் அவருக்குக் கடிதம் எழுதாமல் இருப்பது சோம்பலில்தான்.

வியா மக்வேதாவில் கடைகள் எல்லாம் பூட்டிக்கிடந்தன. அம்மாவின் நடைக்கு நான் ஓடவேண்டியிருந்தது. மன்னாரக்கா அந்தத் தெருவில் இருந்து பிரியும் ஒரு சந்தில் மூன்றாம் மாடியில் இருந்தார். இரண்டாம் மாடி ஏறும்போதே எங்கள் பாட்டுக் கேட்டது. எல்லாக் குரலுக்கும் மேலே என் குரல் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“அம்மா, அது நான்,” என்றேன்.

அம்மா இரண்டு படியாகத் தாண்டி ஏறினார்.

அக்கா பூசை முடிந்து வந்ததில் இருந்து இரட்டை ரேப் ரெக்கோடரில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பதிந்தது ஒன்று, பிரதி மூன்று, ஆக நாலு கசெட் இரண்டு பக்கமும் நிறைந்து, பிள்ளைகளின் பெயர் அழகாக எழுதப்பட்டு மேசையில் இருந்தன. ஐந்தாவது ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் நின்றபடியே அதை நிற்பாட்டச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் ஒருக்காக் கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அவர் தோளில் கைவைத்து, உங்களில் என்ன பிழை என்று தேற்றினார்.

ஐந்தாவது கசெட்டை அப்படியே ஓடவிட்டுக் கேட்டார்கள். பாட்டு அறுந்த இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு மாமாவின் பாட்டு, நடுவில் இருந்து, நெளிந்தபடி தொடங்கியது. அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அரைப் பக்கமும் பின்பக்கமும் மிச்சம். அக்கா ஊசி எடுத்து வந்து, இனி ஒருவரும் இதில் பதியமுடியாதபடி முதுகுத் தட்டு இரண்டையும் உடைத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அம்மா மெதுவாக நடந்தார். மாமா ஏன் இப்படிப் பழுதான மெசினில் பதிந்தார் என்று கேட்டேன்.

“மெசின் பழுதில்லை. அங்கை கரண்ட் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்திச் சுத்தி, டைனமோவில வாற கரண்டிலதான் ரேடியோவில போற பாட்டைப் பதிஞ்சவன். கை ஓஞ்சா மெசின் மெல்லமா ஓடும். மெல்லமா ஓடேக்கை பதிஞ்சது, இஞ்சை போடேக்கை கீச்செண்டு ஏறும்.”

ஐந்து மணித்தியாலப் பாட்டுக்கு ஐந்து மணித்தியாலம் சுற்றவேண்டும் என்று நான் மனக்கணக்குப் போட்டுச் சொன்னேன். அம்மா ஓம் என்றார். ஒரு வார்த்தையாவது பேசிப் பதிந்து அனுப்பியிருக்கலாமே என்றேன். அவனுக்குக் கூச்சம், என்ன கதைக்கிறதெண்டு தெரியாது, அதுதான் எனக்குப் பிடிச்ச பாட்டாப் பார்த்து அனுப்பினவன் என்றார். எனக்கு உடனே எல்லாம் சுலபமாகிவிட்டது.

“அப்ப மாமாவிட்டைக் கேட்டால் திரும்பவும் பதிஞ்சு அனுப்புவார்தானே?”

அம்மா கொஞ்ச தூரம் நடந்தார்.

“ஓம். கேப்பம்,” என்றார்.

அடுத்த வாரம் ரயில் ஏறிப் பகேரியாவுக்குப் போனோம். சூட்கேஸில் அறுபது கசெட். அங்கே போய்ப் பானை சட்டியைப் பிரித்தபோது, தலையணை உறைக்குள்ளும் இடியப்ப உரலுக்குப் பின்னாலும் இருந்து சிவப்புக் கோடு போட்ட பதினேழு கசெட் வெளியே வந்தன. அப்பா கள்ளமாகக் கடத்தியவை. அம்மா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். என் ஆட்சி அன்றோடு முடிந்தது.

மாமாவின் கசெட்டை அம்மா அந்த அறுபதோடு வைக்கவில்லை. கடவுச்சீட்டும் பெர்மெஸ்ஸோவும் இருக்கிற பையில் வைத்திருந்தார். வில்லாவின் படுக்கை விரிப்புகளை மினுக்கும் நாட்களில் மட்டும் எடுத்துப் போடுவார். குரல் மெலிந்து கீச்சென்று ஏறும் இடத்தில் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு நிற்பார். அது சட்டென்று இறங்கிச் சரியாகும்போது, எனக்கென்று இல்லாமல், மெல்லச் சொல்லுவார்:

“கை மாத்திட்டான்.”

நான் செய்த தவறைத் திருத்திவிடவேண்டும் என்று எனக்கு உண்மையான ஆசை இருந்தது. அழிந்துபோனவை என்னென்ன பாட்டு என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் எழுதினேன். அம்மாவுக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது. என் தமிழ் எழுத்து அப்போது நொண்டும். இருந்தாலும் ஒரு பிழை விடாமல், மாமாவுக்கு என்று தலைப்புப் போட்டு, அறுபத்தெட்டுப் பாட்டு எழுதினேன். அடியில் என் சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன்: ‘இந்த முறை கையை மாத்தாமல் ஒரே சீராகச் சுத்துங்கோ மாமா.’

அம்மா கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். என் தலையைத் தடவினார். தபாலில் போடுவார் என்று பார்த்தால், சின்னதாக மடித்து அந்தக் கசெட்டின் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். வாரம் போயும் அது அங்கேயே இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோட்டத்தில் எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடிப்போய், முத்திரை ஒட்டி அனுப்பவேண்டியதை அம்மா பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டார் என்று முறையிட்டேன்.

அப்பா குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

“ஓம் பிள்ளை. அம்மாக்கு இப்ப கொஞ்சம் மறதி,” என்றார்.

நான் அதை நம்பினேன். அந்த வருடம் முழுதும், அம்மா மறந்துவிடக்கூடாதே என்று, கிழமைக்கு ஒரு தடவை தவறாமல் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தேன்.