முத்திரைக்குள் ஈரம்

நனைந்த பஞ்சும் சுண்ணாம்பும் பழைய பெயிண்டும் ஒன்றாகப் புழுங்கிய மணம், மூடியைத் தூக்கியதும் முகத்தில் வெதுவெதுப்பாக வந்து மோதும். சிறுவயதின் மணம் எது என்று கேட்டால் மல்லிகை, மண்வாசனை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் முதலில் நினைவுக்கு வருவது ஓர் அரசாங்கப் படகின் பெட்டிக்குள் அடைபட்டிருந்த காற்று.

அம்மா சுகாதார நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வேலைக்காகக் கிருஷ்ணகிரிக்கு வந்தவள். அவளுக்கு ஒதுக்கிய ஊர்களில் பாதி நீர்த்தேக்கத்தின் அக்கரையில் இருந்ததால் ஒரு மரப்படகும், அதை ஓட்ட முனியப்பா மாமாவும் உண்டு. படகின் முன்முனையிலும் பின்முனையிலும் பலகையால் அடைத்து மூடி போட்ட இரண்டு பெட்டிகள் இருந்தன. அவற்றில் இருக்க வேண்டியது காற்று மட்டுமே. படகுக்குள் தண்ணீர் ஏறினாலும் அந்தக் காற்று அதை மூழ்க விடாது. ஒருமுறை விளிம்புவரை நிரம்பிய படகில், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே மாமா துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது.

காற்றோடு காற்றாக, அம்மா முன்பெட்டியில் பஞ்சையும் கட்டுத் துணியையும் வைப்பாள். ஓட்டையே இல்லாத பெட்டிக்குள் அவை நனைந்து பூசணம் பிடித்தபோது, எல்லோரும் தார் காய்ச்சி வெளியே பூசச் சொன்னார்கள். அம்மா மூடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "இது டேம் தண்ணி இல்ல. பகல் சூட்டுல பலகை விடுற ஈரம், ராத்திரி குளுருல இங்கேயே வேர்க்குது" என்றாள். அன்றிலிருந்து "பெட்டி வேர்க்குது" என்பது எங்கள் வீட்டுப் பேச்சில் சேர்ந்துகொண்டது; யாருக்காவது உள்ளுக்குள் புழுக்கம் என்றால் அதற்கும் அதே சொல்தான்.

பனி விலகி வெயில் ஏறியபின் மூடியைத் திறக்க வேண்டும். பழந்துணியால் உட்பலகையைத் துடைக்க வேண்டும். பொழுது சாயுமுன் மூடிவிட வேண்டும். உள்ளே மண்சட்டியில் சுட்ட சுண்ணாம்புக் கல் இருக்கும். அது ஈரத்தைக் குடித்துப் பொடியாக உதிர்ந்தால் மாற்ற வேண்டும். பிற்பாடு ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உட்கார்ந்து நான் எழுதித் தள்ளிய செயல்முறைகளில், யாருடைய கையெழுத்தும் தேவைப்படாத இப்படியொன்று அமையவே இல்லை.

வீட்டில் கன்னடம் பேசுகிற மாமாவுக்கு இந்த வேலை பிடிக்காது. இரண்டு பெட்டிகளையும் காட்டிச் சொல்வார்: "நர்சக்கா, உங்க பிள்ளைங்க ரெண்டுக்கும் மூக்கு ஒழுவுது. எங்க வூட்டுப் பிள்ளைங்களுக்குக் கூட நானு இப்படித் தொடச்சுவுட்டதில்ல."

"அப்ப அதுகளையும் கூட்டிட்டு வா. ஊசி போட வேண்டியது பாக்கி இருக்கு."

"ஆயித்தக்கா, சரி, பெட்டியவே தொடைக்கிறேன்."

ஒரு கோடையில் மதுவிலக்கு அதிகாரி ஒருவர் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே கர்நாடகத்துப் பாக்கெட் சாராயம். யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. மாமா மட்டும் அன்று வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி எதையும் ஒளிக்க முடியாதபடி, அதிகாரி இரண்டு மூடிகளையும் கயிற்றால் கட்டி அரக்கு முத்திரை வைத்தார். தன் முன்னிலையில்தான் திறக்க வேண்டும் என்றார். அடுத்த மாதமே அவருக்கு மாற்றலானது. புதிதாக வந்தவர், பழையவர் வைத்த முத்திரையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். திறக்க ஆளில்லாத முத்திரை என்பது அரசாங்கத்தில் அபூர்வமான பொருள் அல்ல.

முதலில் மாமாவுக்குச் சந்தோஷம்தான், துடைக்கிற வேலை மிச்சம். மழைக்காலம் போய், பனிக்காலமும் போனது. பள்ளி விடுமுறையில் நான் கரையில் உட்கார்ந்து பின்பெட்டியைத் தட்டுவேன். 'டங்' என்று கேட்ட பலகை, ஈர மூட்டையைத் தட்டினாற்போல 'தொப்' என்றது. அம்மா காதை வைத்துக் கேட்டாள். உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, அரக்கப் பேத்துப் போட்டுடறேன்" என்றார் மாமா.

"வேண்டாம் முனியப்பா. முத்திரைய ஒடச்சா அந்தச் சாராயக் கேசு ஒன் தலையிலதான் வந்து விழும். புள்ளகுட்டிக்காரன் நீ."

அடுத்து வந்த ஆடியில், அக்கரையிலிருந்து இருவரும் திரும்புகையில் காற்று திடீரென்று சுழன்று அலை படகுக்குள் ஏறியது. நடந்ததை அம்மா ஒரே ஒருமுறைதான் சொன்னாள். மாமா முதலில் சிரித்தாராம்: "பயப்படாதீங்கக்கா, உங்க பிள்ளைங்க தாங்கிக்கும்." பின்பெட்டியின் பலகை சத்தமே இல்லாமல் விரிசல் விட்டது. அது நிரம்பியதும் முன்பெட்டியும் விட்டது. மிதந்து வந்தது உட்காரும் பலகை ஒன்றுதான். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவளிடம் அதைத் தள்ளிவிட்டார். கரை அவர் நீந்துகிற தூரத்தில் இல்லை. மறுநாள்தான் உடலாகக் கரை ஒதுங்கினார்.

தண்ணீர் வற்றியபோது படகை இழுத்துப் போட்டார்கள். மதுவிலக்குக்காரர்களும் வந்தார்கள். புது அதிகாரி நேராகப் போய்க் குனிந்து பார்த்தது அரக்கைத்தான். இரண்டும் சேதமில்லை. "நல்லவேளை சிஸ்டர், சீல் அப்படியே இருக்கு. உங்க மேலயும் தப்பில்ல, அந்த ஆள் மேலயும் தப்பில்ல" என்றார், ஆறுதலாகவே.

அம்மா அவர் பக்கத்தில் குனிந்தாள். முத்திரைக்குக் கீழே பலகையில் விரலை வைத்து அழுத்தினாள். ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல விரல் பாதிவரை உள்ளே போனது. வெளியே எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அந்த வாரமே மாமாவின் வீட்டுக்குப் போய், பாக்கியிருந்த ஊசிகளை அவர் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வந்தாள். படகை ஊர்க்காரர்கள் விறகாக்கினார்கள். அது எரியவில்லை, நாள் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது.

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. படகுத்துறை இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகின்றன. அம்மாவும் இல்லை. "பெட்டி வேர்க்குது" என்றால் புரிந்துகொள்ள வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை. சாகும்வரை அம்மா எந்த டப்பாவையும் இறுக மூடியதில்லை. அது தொற்றுநோய் போல எனக்கும் வந்துவிட்டது. ஓசூர்க் குளிரில் அரிசி டிரம்மின் மூடியை மருமகள் தினமும் அழுத்தி மூடுகிறாள். "எறும்பு வரும் அத்தை" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். அவள் வேலைக்குப் போனதும் எழுந்துபோய், மூடியை ஒரு விரல் அகலம் நகர்த்தி வைக்கிறேன்.