வராத தீவுக்கு ‘வழமை’

தூரத் தீவுகளிலிருந்து வருகிற ரெலிபோன் லைனுக்கு என்று ஒரு சத்தம் இருந்தது... மூடி போட்ட பானையில் சோறு கொதிக்கிற மாதிரி. அதற்குள்ளிருந்துதான் ஒரு மனிதக் குரலைப் பொறுக்கி எடுக்கவேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. பல நாட்டுக்காரரை ஒரே ரெலிபோன் அழைப்பில் சேர்த்துவிடுகிற கொம்பனி. நான் பின்னேர ஷிஃப்ட் ஓபரேட்டர். ஹெட்செட்டின் பஞ்சில் எனக்கு முந்தி இருந்தவரின் தலை எண்ணெய் மணக்கும்.

மாதம் ஒருமுறை பசிபிக் தீவுகளின் அழைப்பு வரும். அந்த நாடுகளின் வானிலை அலுவலர்கள் ஒன்றாகக் கூடி, வருகிற மூன்று மாதமும் மழை எப்படி, கடல் சூடா குளிரா என்று பேசி, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறிக்கை எழுதுவார்கள். இதை ஏன் ரொறன்ரோவில் இருந்து இணைத்தார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் கொம்பனி மலிவு. அவ்வளவுதான்.

எங்களுக்குப் பின்னேரம், அவர்களுக்கு மறுநாள் காலை. அவர்கள் “குட் மோர்னிங்” சொல்லும்போது நான் மேசைக்குக் கீழே தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் பார்சலை ஒளித்துக்கொண்டிருப்பேன்.

அழைப்பை நடத்துகிற தலைவர் ஒவ்வொரு தீவாகப் பெயர் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரியேதான். மழை கூடவா, குறையவா, வழமையா... ஆளுக்கொரு பதில். லைன் கிடைக்காத தீவுக்கு “வழமை” என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வெற்றிடமாக விட்டால் அறிக்கை முடியாதே.

இருந்ததிலேயே சின்னத் தீவின் அலுவலர் லூசி என்ற பெண். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் இருமினாலே லூசி என்று தெரியும் எனக்கு.

அந்த வருஷம் எல் நினோ என்ற பேச்சு ரீவியிலும் வந்தது. இங்கே பனி குறைந்த குளிர்காலம். ஜாக்கெட்டைத் திறந்துவிட்டபடி சனம் பிளாசாவில் நின்று கதைத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அதே எல் நினோ லூசியின் பக்கத்து மழைமேகங்களை எல்லாம் கிழக்கே கொண்டுபோய்விட்டது. கிணறுகள் உப்பாகத் தொடங்கிவிட்டன என்று முந்தைய அழைப்பில் சொல்லியிருந்தார். பொது அறிக்கையில் “குறைவு” என்று வந்தால்தான் அவர்களுக்குத் தண்ணீர்க் கப்பல் கேட்கலாம். “வழமை” என்று வந்தால் யார் கப்பல் அனுப்புவார்கள்?

அந்த மாதம் பார்த்து லூசியின் லைன் கிடைக்கவில்லை.

திரும்பத் திரும்ப அடித்தேன். செத்த சத்தம். அழைப்பு நடந்துகொண்டிருந்தது, தலைவர் லூசியின் தீவை நெருங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் சூப்பர்வைசர் யோகன் அண்ணை என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அண்ணை, அந்தத் தீவு இன்னும் வரேல்லை.”

“வராட்டி வழமை எண்டு போடுவினம். விடு தங்கச்சி.”

“கிணறெல்லாம் உப்பாம் அண்ணை...”

“அவையின்ர கடலுக்குள்ளை நீ கால் வைக்காதை. லைனைக் கொழுவி விடுறது மட்டும்தான் உன்ர வேலை. வாய் திறந்தா, பதியிற ரேப்பிலை மேலை இருக்கிறவங்கள் கேட்டுப்போட்டு என்னைத்தான் கூப்பிடுவாங்கள்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஓபரேட்டர் நடுவில் பேசக்கூடாது என்பதுதான் சட்டம்.

ஆனால் எனக்கு அந்த “வழமை” என்ற சொல் பிடிக்காது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு ரெலிபோன் இல்லை. கடிதம் வராத மாதங்களில் நாங்கள் இங்கே ஆளுக்காள் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். “அவை சுகமாய்த்தான் இருப்பினம்.” யார் பார்த்தது?

தலைவர் லூசியின் தீவைக் கூப்பிட்டார். பதில் இல்லை. “வழமை என்று...” என்று தொடங்கினார்.

மியூட் பட்டனை விட்டேன். “சேர், இது ரொறன்ரோ ஓபரேட்டர். இன்னும் முயற்சி செய்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.” என் ஆங்கிலம் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

சோறு கொதிக்கிற சத்தம் மட்டும்.

பிறகு பக்கத்துத் தீவின் டோமாஸ் பேசினார். பக்கத்து அறையில் தீவுக்குத் தீவு பேசுகிற ரேடியோ இருக்கிறதாம், லூசியைப் பிடித்துப் பார்க்கிறாராம். கதிரை இழுபடுவது கேட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு தீவும் போனை வைக்கவில்லை.

டோமாஸ் ரெலிபோனை ரேடியோவின் வாயில் பிடித்திருக்கவேண்டும். இரைச்சலுக்குள் ஓர் இருமல். பிறகு ஒரே சொல், அதையே மறுபடியும். மற்றவர்களுக்குப் புரியாவிட்டால் என்று டோமாஸ் தன் குரலில் திருப்பிச் சொன்னார்.

“குறைவு. மிகவும் குறைவு என்கிறார்.”

அடுத்து இன்னொரு தீவு, தங்கள் பக்கமும் அதே நிலைதான், லூசியோடு சேர்த்து எழுதுங்கள் என்றது. தலைவர் எழுதினார்.

“கொழுவுப்பட்டிட்டுதோ?” என்றார் யோகன் அண்ணை.

“ஓம் அண்ணை.”

“அப்ப சரி.” அவர் போய்த் தேத்தண்ணி ஊற்றினார். ரேப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, மேலே இருந்தவர்களும் கேட்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு லூசி தன் சொந்த லைனில் வந்து, கப்பல் வந்துவிட்டது என்றார். தலைவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தீவைக் கூப்பிட்டார். நான் மியூட்டில் இருந்தபடி சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ரொறன்ரோவின் கிழக்கோரம் ரூஜில் வீடு. அந்தத் தீவுகளின் அறிக்கையை எப்போதாவது போனில் தேடிப் பார்ப்பேன். நிறம் நிறமாக வரைபடம். வானத்திலிருந்து செய்மதி பார்க்கிறது, கொம்பியூட்டர் கணக்குப் போடுகிறது, லைன் கிடைக்காததால் ஒரு தீவு விடுபட்டுப்போகும் என்ற பயம் இல்லை. நல்ல விஷயம்தான், மனதாரச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பக் குறூப்பிலும் ஊர், லண்டன், சிட்னி என்று எல்லோரும் இருக்கிறார்கள். காலையில் பூப்படம், இரவில் பகிடி. போன கிழமை என் கணவர் போனைப் பார்த்தபடி கேட்டார்.

“உந்த ராசாத்தி மச்சாளைக் கனநாளாக் காணேல்லை. என்னவாம்?”

“அவை சுகமாய்த்தான் இருப்பினம்” என்றேன்.

சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன்.