கச்சாங்குக்காக அழுத பால்குடம்

கிள்ளானில் அக்கா வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டது. நான்கு கொழுகொழுவென்று இருந்தன. ஐந்தாவது, இடது காது மட்டும் வெள்ளையாக, எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. மற்றவை முட்டித் தள்ளியதில் அதற்குத் தாய்ப்பால் கிடைப்பதே அபூர்வம். அக்காதான் புட்டியில் பாலூட்டினாள். பார்த்ததுமே எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. கடலை அளவுதானே இருக்கிறது என்று கச்சாங் என்ற மலாய்ப் பெயரை வைத்து, அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

ஆனால் எடுப்பதா வேண்டாமா என்பதில் ஒரே இழுபறி. பிரிக்பீல்ட்ஸில் நான் இருப்பது ஒன்பதாவது மாடி. வேலைக்குப் போனால் திரும்ப ஏழு மணியாகும். போதாக்குறைக்கு, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் இருந்தேன். விரதத்தில் நாயைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வாராவாரம் கிள்ளானுக்குப் போவேன். குட்டி தத்தித் தத்தி என் காலருகே வரும். நான் துள்ளி விலகுவேன்.

"விரதம் முடியட்டும்க்கா, சொல்லிடறேன். யாருக்கும் கொடுத்துடாத."

"உனக்குத்தான் லா. வேற யாருக்குக் கொடுக்கப் போறேன்?"

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருவழியாக முடிவு செய்தேன். அது படுக்க ஒரு சின்ன மெத்தையும் வாங்கிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். என்னைப் பேசவே விடவில்லை அவள். "குட்டி போயிடுச்சுடி. காலையில பார்த்தா அசைவே இல்ல. பின்னால வாழை மரத்துக்கிட்ட பொதைச்சிட்டோம்."

பால்குடத்தோடு படியேறியபோது, எனக்காக வேண்டிக்கொள்ள வந்தது எதுவுமே நினைவில் இல்லை. ஒரு தடவைகூடத் தொடவில்லையே முருகா என்று அழுதுகொண்டே ஏறினேன். சுற்றி வந்தவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டதாக நினைத்து வழிவிட்டார்கள். துணைக்கு வந்த அக்கா தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். "அழாதடி, அது முருகன்கிட்டதான் போயிருக்கும்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து சுங்கை பூலோவில் அக்காவின் நாத்தனார் வீட்டில் பிறந்தநாள் விருந்து. கேட்டைத் திறந்ததும் ஒரு நாய் ஓடிவந்தது. இடது காது மட்டும் வெள்ளை. "கச்சாங், உள்ள வா!" என்று நாத்தனார் கத்தினார். அந்தக் காதைக் காட்டி, எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "உங்க அக்கா கொடுத்ததுதான். தைப்பூசத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. பேருகூட அவங்கதான் வெச்சாங்க" என்றார்.

அக்காவைச் சமையலறையில் பிடித்தேன். கையிலிருந்த கரண்டியைக்கூட அவள் கீழே வைக்கவில்லை.

"நீ எங்கடி எடுக்கப் போற? யோசிச்சுக்கிட்டேதான் இருப்ப. அவங்க கேட்டாங்க, கொடுத்துட்டேன். உன்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவ. செத்துப்போச்சுன்னா அழுதுட்டு விட்டுடுவன்னு நெனச்சேன்."

நான் இழுத்தடித்தது உண்மைதான். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. குட்டியைக் கொடுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். என் கண்ணைத் துடைத்த அந்த முந்தானையை மன்னிக்க முடியவில்லை.

வாசலில் போய் உட்கார்ந்து கச்சாங்கைக் கூப்பிட்டேன். வந்தது. இப்போது எந்த விரதமும் இல்லை. கையை நீட்டினேன், மோந்து பார்த்தது. அதற்குள் அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு, என் கையைத் தாண்டி அவளிடம் ஓடியது.