நாடாவின் கடைமடை

பாடல் முடிந்தது. அதன் பிறகு என் மனைவியின் குரல் வர வேண்டும், வரவில்லை. கைபேசி தானாகவே அடுத்த பாடலுக்குப் போயிற்று. அவள் மறைந்து பதினான்கு மாதங்கள் கழித்து, அவளுடைய ஒலிநாடாக்களை முதன்முறையாக முறைப்படி கேட்க உட்கார்ந்த காலை அது.

திருமணமான புதிதில் மூன்றாண்டுகள் நான் சென்னையில் சுவடிப் பதிப்புப் பணியில் இருந்தேன். அவள் ஜேடர்பாளையத்தில், என் பெற்றோருடன். மாதத்துக்கு ஒன்றாக இல்லாவிட்டாலும், கைக்குப் பணம் வரும்போதெல்லாம் நாமக்கல்லில் ஒரு ரெக்கார்டிங் கடைக்குப் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, கேசட் பதிவு செய்து எனக்கு அனுப்புவாள். ஒவ்வொரு பக்கத்தின் இறுதியிலும் பாட்டுக்குப் பற்றாத இரண்டு நிமிட நாடா மிஞ்சும். வாய்க்கால் பாசனத்து வீட்டுப் பெண். கடைமடை காய்வதைப் பொறுக்கமாட்டாள். அந்த மிச்சத்தில் டேப் ரிக்கார்டரின் முன் உட்கார்ந்து பேசி நிரப்பிவிடுவாள்.

முதல் கேசட்டில் அவள் பேசியதைக் கேட்டேன். அதன் பின் வந்தவற்றில் கேட்டதாக நினைவில்லை. மெய்ப்புத் தாள்கள் குவிந்திருந்த மேசை. பாடல் முடிந்ததும் பொத்தானை அழுத்திவிடுவேன்.

பதினொரு கேசட்டுகள், இருபத்திரண்டு பக்கங்கள். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு கடைக்காரர் அவற்றைக் கணினிக் கோப்புகளாக்கித் தந்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் அவற்றை ஓர் இணைய இசைச் சேவையில் ஏற்றினாள். உடனே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பட்டியலை முதலில் ஒழுங்குசெய்ய விரும்பினேன். பாடல், படம், பாடியவர், ஆண்டு என ஒவ்வொன்றுக்கும் சரியான தலைப்பிட இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போது தலைப்பிட்டவற்றை மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். அவற்றில் எதன் இறுதியிலும் அவள் இல்லை. பாடல்கள் மட்டும் முன்னைவிடத் துலக்கமாக ஒலித்தன. நாடாவின் இரைச்சல்கூட இல்லை. அந்தத் துலக்கமே என் ஐயத்தைக் கிளப்பிற்று.

முதலில் கடைக்காரரைச் சந்தேகித்தேன். நேரில் போய்க் கேட்டேன்.

"நானெதுக்குங்க சார் வெட்டப் போறேன்? பூஞ்சையத் தொடச்சு எடுக்கவே ஒரு வாரம் போச்சு. அம்மா பேசுனது எனக்கே பாதி மனப்பாடம். எருமை கன்னு போட்டது, மோட்டார் புகைஞ்சது... ஒரு இடத்துல உங்களயக்கூடத் திட்டுறாங்க."

நான் கேளாததை ஓர் அந்நியர் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு உவப்பாக இல்லை. "பிரதி வைத்திருக்கிறீர்களா?"

"அது சரி! 'எங்கூட்டுக் குரல் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கக் கூடாது'ன்னு இதே இடத்துல நின்னு அழிக்க வெச்சதே நீங்கதானுங்களே."

உண்மை. அழிக்க வைத்ததும், கணினியின் குப்பைத் தொட்டியைத் திறந்து காட்டச் சொன்னதும் நான்தான்.

"கேசட்டை மறுபடியும் ஓட்டலாமா?"

"நாடா மாவாட்டம் உதிருதுங்க சார். அன்னைக்கு ஓடுனதே பெரிசு."

அவர் தந்த பென் டிரைவும் வெறுமையாகத்தான் இருந்தது. ஒரே நூலுக்கு இரண்டு மூலங்கள் இருந்தால் பாடபேதம் பிறக்கும் என்பது என் தொழிலின் பாலபாடம். தலைப்பிடாத பழைய கோப்புகளை அதிலிருந்து நானே நீக்கியிருந்தேன்.

அடுத்ததாக மகளைச் சந்தேகித்தேன். தொலைபேசியில் கேட்டேன்.

"யாரும் திருடலப்பா. நீங்க ஏத்துன பாட்டு அந்த இசைச் சேவைக்காரங்ககிட்ட ஏற்கெனவே இருந்தா, உங்களோடத விட்டுட்டு அவங்களோட நல்ல பதிவையே வெச்சுரும்."

"யாரைக் கேட்டு?"

"'சம்மதம்'னு அமுக்கினோமேப்பா."

"அமுக்கியது நீ."

"பக்கத்துல உக்காந்து 'ம், அமுக்கு'ன்னது யாராம்?" குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "பேர் சரியா இருந்தா அது இன்னும் சுலபமாக் கண்டுபிடிச்சுரும்ப்பா."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஏடெழுதியவர் இடையில் சேர்த்துவிட்ட சொந்த வரிகளைக் கண்டறிந்து நீக்குவதே நாற்பதாண்டுகளாக என் வேலை. இடைச்செருகல் என்போம். அதையேதான் அந்த இயந்திரமும் செய்திருந்தது. அதன் கையில் தூய பாடம் இருந்தது. என் மனைவி இடைச்செருகல். எந்தப் பக்கத்தில் எந்தப் பாடல் என்று பிழையின்றி அடையாளம் காட்டிக் கொடுத்தவன் நான்.

ஐயப்படுவதற்கு வேறு எவரும் எஞ்சவில்லை. பட்டியலை மறுபடியும் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். ஏழாம் கேசட், இரண்டாம் பக்கம், இறுதிப் பாடல். எதைத் தேடியும் அது எந்தப் படம் என்று தெரியாததால் வெறும் கேள்விக்குறி இட்டிருந்தேன். அழுத்தினேன். இரைச்சலோடு தொடங்கியது. பாடல் முடிந்ததும் ஒரு செருமல்.

"ஏனுங்க, இதையுங் கேக்க மாட்டீங்க. பாட்டு முடிஞ்சதும் டொக்குன்னு நிறுத்திப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். போன கேசட்டுல உங்கம்மாளுக்கு மூட்டு வலின்னு சொன்னேன், லெட்டர்ல ஒரு வார்த்தை விசாரிக்கலியே. சரி, இப்பப் பாக்கலாம். இதைக் கேட்டிருந்தீங்கன்னா, அடுத்த லெட்டர்ல 'வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சா'ன்னு எழுதோணும். எழுதலீன்னா, கேக்கலேன்னு வெச்சுக்கறேன். நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன்."

நாடா அறுந்தது போல் நின்றது.

நான் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை, நாற்பத்தொரு ஆண்டுகள். ஆனால் அதற்குப் பின்னும் நான்கு கேசட்டுகள் வந்தன. அவற்றின் கடைசி நிமிடங்களில் அவள் பேசினாளா, பேசாமல் விட்டாளா என்பதை இனி நான் அறிய வழியில்லை. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் கேட்க இன்னும் போகவில்லை.

அந்தக் கோப்பை மூன்று இடங்களில் படியெடுத்து வைத்தேன். பாடபேதம் பிறந்தால் பிறக்கட்டும். பிறகு கேள்விக்குறியை நீக்கிவிட்டுத் தலைப்பிட்டேன்: வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா?

மாலையில் மகள் அழைத்தாள். "இதென்னப்பா, இந்தப் பேர்ல பாட்டே கிடையாதே?"

"கிடையாது சாமி," என்றேன். "அப்படியே இருக்கட்டும்."