ரொக்கெட் போவதற்கு முன் நிரப்பிய படிவம்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது ஞாபகமும் சரியில்லை; முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்குச் சொல்லிவிடுவேன். இங்குள்ள தமிழ்ச் சங்கத்துச் சஞ்சிகைக்கு எழுதும்படி மருமகள்தான் சொன்னாள். மகனிடம் கேட்டேன். பெயர் ஒன்றும் போடாமல் எழுதச் சொன்னான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டென்மார்க்கில், ஹ்விடோவ்ரேயில் தனியாக இருக்கிறேன். என் கணவர் தவறி ஆறு வருடம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் மரக்கறி வெட்டியும் பாத்திரம் கழுவியும் காலம் போய், இப்போது பென்ஷன். மகனும் மருமகளும் புரொண்பியில் இருக்கிறார்கள். மகன் ஒரு சின்னக் கொம்பனியில் இஞ்சினியர். செயற்கைக்கோள் மேலே போனதும் அதன் சூரியத் தகடுகள் விரிய வேண்டுமாம். அவை விரிவதற்கான பிணைச்சலைத்தான் அவன் செய்கிறான். அலுமாரிக் கதவுக்குப் போடுகிற பிணைச்சல் மாதிரித்தான், ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் திறக்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினான். அதை ஒரு மேசையில் பூட்டிப் பேய் பிடித்தது போல ஆட்டிப் பார்ப்பார்களாம். ரொக்கெட் கிளம்பும்போது அந்த ஆட்டம் இருக்குமாம். பிறகு காற்றில்லாத ஒரு பெரிய பீப்பாய்க்குள் வைத்துச் சூடாக்கி, குளிராக்கிப் பார்ப்பார்களாம்.

முதலில் எல்லாம் பல்கலைக்கழகக்காரருக்குத்தான் செய்தார்கள். முகில், பனிக்கட்டி என்று எதையோ அளக்கிறவர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது, இந்த முறை ஆமிக்குச் செய்கிறோம் என்றான். என் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

"ஆமிக்கோ?"

"ஓம் அம்மா. நீங்கள் நினைக்கிற இலங்கை ஆமி இல்லை. கன நாடு சேர்ந்து செய்யினம், இஞ்சத்தை ஆமியும் நிக்கினம்."

அது ஒரு பரீட்சார்த்தக் கலமாம். மேலே போய், சுற்றிக்கொண்டிருக்கும் இன்னொன்றுக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, முட்டாமல் விலகி வருமா என்று சோதிக்கிறார்களாம். அதற்கு ஆமிக்காரர் தங்களுக்கென்று ரொக்கெட் கட்டவில்லை. காசு வாங்கிக்கொண்டு யாருடைய சாமானையும் ஏற்றுகிற ஒரு தனியார் கொம்பனியின் ரொக்கெட்டில் இடம் பிடித்திருந்தார்கள். அதுதான் மலிவு, காத்திருக்காமல் கெதியாகவும் போகலாம் என்றான். டிக்கெட் எடுத்தவன் எல்லாம் ஏறுகிற பஸ் மாதிரி என்று அவன் சொல்ல, மருமகள் சிரித்தாள்.

"ஆமிக்காரர் முன் சீற்றிலை, முகில் பாக்கிறவை பின் சீற்றிலை. மாமி, உங்கட மோன்தான் கொண்டக்டர்."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆமி வேலை என்பதால் அதைச் செய்கிற அறைக்குள் போகிற எல்லோருக்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டுமாம். அதற்கு நீளமான ஒரு டெனிஷ் சொல் சொன்னான், எனக்கு வாயில் வராது. அடுத்த கிழமை கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, படிவம் நிரப்ப உட்கார்ந்தான். அம்மா எங்கே பிறந்தது, அப்பா எங்கே பிறந்தது, எந்த வருடம் இங்கே வந்தது, வெளிநாட்டில் யார் யார் சொந்தம். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், ஷெல் விழுந்து செத்துப்போனாள் என்றேன். அவளுக்குப் பிள்ளைகள் இருந்ததா என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

"பொய் எழுதினா தண்டனை எண்டு கீழ கிடக்கு அம்மா. வயசைக் குறைச்சுச் சொல்லியிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்கோ," என்று பகிடி விட்டுக்கொண்டு கணினியை மூடினான். அனுப்ப இரண்டு கிழமை, பதினாலு நாள், தவணை இருக்கிறது என்றான்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். என் கணவர் டென்மார்க்குக்கு வரும்போது என் வயிற்றில் பிள்ளை. பிறந்தது ஆண் பிள்ளை. மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்து, ஊரடங்கு நேரத்தில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல், என் மடியிலேயே போய்விட்டது. அதற்குச் சில மாதம் பிந்தி என் தங்கச்சிக்கு ஒரு மகன் பிறந்தான். தங்கச்சியின் புருஷன் சண்டை பிடிக்கவென்று இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை. பிறகு அவளும் ஷெல்லில் போனாள். பிள்ளை பக்கத்து வீட்டில் நின்றபடியால் தப்பியது. அப்போது எனக்கும் என் பிள்ளைக்கும் விசா வந்திருந்தது. பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் என் பெட்டிக்குள் இருந்தது. இறந்ததை நான் எங்கேயும் பதியவில்லை. அந்தக் காலத்தில் யார் போய்ப் பதிந்தார்கள்? தங்கச்சியின் பிள்ளையை அந்தப் பத்திரத்தோடு கூட்டிக்கொண்டு வந்தேன். கணவருக்கு முன்கூட்டியே கடிதம் போட்டேன். கொண்டு வா என்று ஒரு வரியில் எழுதினார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

அவன் இப்போது கையெழுத்து வைத்தால் தெரியாமல் பொய்க்குக் கையெழுத்து வைப்பான். நான் உண்மையைச் சொன்னால் அவனுக்கு அந்த வேலை கிடைக்காமல் போகலாம். நானும் அவனுக்குத் தாய் இல்லாமல் போவேன். எனக்கு நாலு பேருக்கு முன்னால் கதைக்கவே கூச்சம். மகனிடம் இதை எப்படிச் சொல்வது? இரண்டு தடவை ரெலிபோன் எடுத்து, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்தேன். கடைசியில் ஒரு கடுதாசியில் எழுதினேன். எழுதுவது கொஞ்சம் சுகமாக இருந்தது. புதன்கிழமை அவன் வேலை முடிந்து கறி எடுக்க வந்தபோது, சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே மடித்து வைத்தேன். இதை வாசி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நன்றாகக் கதைப்பான். ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகாமல் பந்தடிக்கப் போனவன். அது எனக்குத் தெரியாத விஷயமா? அந்த நேரத்தில் அது என் நினைவிலேயே இல்லை. கறி கொடுக்கும்போதெல்லாம், எவ்வளவு நேரம் சூடாக்குவது, எதற்குத் தேங்காய்ப்பால் விடுவது என்று மருமகளுக்கு ஒரு துண்டு எழுதி வைப்பது என் வழக்கம். இதுவும் அதுதான் என்று நினைத்து அவன் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டான். மருமகள் கோல்டிங்கில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் நின்றபடி வாசித்து, அவனுக்கும் சொன்னாளாம். அவன் படிவத்தை வெள்ளிக்கிழமையே அனுப்பியிருந்தான்.

திங்கட்கிழமை பின்னேரம் தனியாக வந்தான். ஜக்கெற்றைக் கழற்றாமல் இருந்தான்.

"கறி சூடாக்கிற விதமெண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் பால் எடுக்கேக்க அதைப் பாத்தனான் அம்மா."

"எனக்கு வாயால சொல்ல ஏலேல்லை, அப்பன்."

"என்ர பேரும் அந்தப் பிள்ளையின்ரயோ?"

"ஓம்."

கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். அவர் ஒருநாளும் வித்தியாசம் காட்டவில்லையே என்று மெதுவாகச் சொன்னான். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

இப்படியே விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னதை இங்கே மறைக்கக்கூடாது.

"இப்ப எனக்குத் தெரியுமே. அவை நேரில கூப்பிட்டுக் கேட்டா நான் முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அன்றே என்னிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தம் எழுதினான். இன்னொரு நாள் நேரில் கூப்பிட்டு விசாரித்தார்களாம். பெற்ற தகப்பனைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தெரியாது, தெரியாது என்றுதான் சொல்ல முடிந்ததாம். இந்த நாட்டுப் பிரஜாவுரிமையையும் பறிப்பார்களோ என்று மருமகள் பயந்து ஒரு சட்டத்தரணியிடம் போனாள். பழைய விஷயம், அநேகமாக ஒன்றும் வராது, ஆனால் எழுதித் தர முடியாது என்றாராம்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. அனுமதி இல்லை என்று மட்டும் இருந்தது. காரணம் சொல்லும் வழக்கம் இல்லையாம். முதலில் மறைத்ததாலா, தகப்பனாலா, வேறு எதனாலாவதா, இன்றைக்கும் தெரியாது. அவன் செய்த பிணைச்சல் இருந்த அறைக்குள் அவனே போகக்கூடாது என்று கதவு திறக்கிற அவனுடைய அட்டையை நிறுத்தினார்கள். ஆட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் வேறொருவர் நின்றார். இவனுக்குப் பழைய வேலைகளின் கடுதாசிகளை அடுக்கிச் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். மனேச்சர் நல்லவர், வெளியே அனுப்பவில்லை. ஆனால் வரவர ஆமி ஓடர்தான் கூட, முகில் பார்க்கிறவர்களிடம் காசு குறைவு என்கிறான். இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பார்களோ.

ரொக்கெட் போன அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றபடி கைத்தொலைபேசியில் பார்த்தான். கொம்பனிக்காரர் நேரடியாகக் காட்டினார்கள். புகை, நெருப்பு, ஆட்கள் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில், ஏற்றியவர்களின் வேண்டுகோளின்படி இனிக் காட்ட மாட்டோம் என்று அறிவித்துப் படத்தை நிறுத்தினார்கள். தகடு விரிந்ததா என்று கேட்டேன். தனக்கு அதைச் சொல்ல மாட்டார்கள் என்றான். கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் அவர்களுக்குக் கரைச்சல். அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

முன்னைப்போல ஒவ்வொரு ஞாயிறும் வருவதில்லை. வந்தால் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். சண்டை இல்லை, ஏச்சு இல்லை. கதைதான் குறைந்துபோயிற்று. போன மாதம் அவனுடைய பிறந்தநாள் வந்தது. அதாவது என் பிள்ளையின் பிறந்தநாள். கேக் வாங்கட்டா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். பிறகு கதவடியில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே, "நான் எப்ப பிறந்தனான் அம்மா?" என்று கேட்டான்.

எனக்குச் சரியான திகதி தெரியாது. தங்கச்சி எழுதி வைத்த துண்டு வீட்டோடு எரிந்துவிட்டது. ஆவணி மாதம், கேட்டை நட்சத்திரம், விடியப்புறம் என்பது நிச்சயம். வெள்ளிக்கிழமை என்று அவள் சொன்னதாக நினைவு, ஆனால் சனிக்கிழமையாகவும் இருக்கலாம். வருடத்தைச் சஞ்சிகைக்காரரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன், கேட்கிறவர்களுக்கு அவர்கள் சொல்வார்கள். ரொக்கெட்டைப் பற்றி நான் எழுதியதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். அந்த வருடத்துப் பஞ்சாங்கம் யாரிடமாவது இருந்தால், ஆவணியில் கேட்டை எந்தத் திகதியில் வந்தது, அது வெள்ளியா சனியா என்று பார்த்து, தயவுசெய்து சஞ்சிகைக்கு எழுதி அனுப்புங்கள்.