அக்கா வைத்த பப்பாளிகள்

பப்பாளி மரத்தை வெட்டப் பெரிய பலம் வேண்டாம், பிள்ளைகளே. பலாவை வெட்டினால் கோடாலி திரும்பி வரும், கை மரத்துப் போகும். பப்பாளி அப்படியில்லை. உள்ளே வெறும் கூடு. அரிவாளை ஒரு வீசு வீசினால் காயும் இலையுமாக அப்படியே சரிந்துவிடும். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் ஒழுகும். என் அக்காவின் தோட்டத்தில் அந்தப் பால் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்தேன். இத்தனை வருஷம் ஆகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறக் கூடாது என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் நடந்தது இது. அடிவாரத்தில் காரவள்ளிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா, புருஷன் இறந்த பிறகு பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலைக்கே திரும்பி வந்தது. மலைமேல் திருப்புலி நாடு என்று சொல்லும் பகுதியில் எங்கள் ஊருக்குக் கீழே சரிவாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அதை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன். மிளகுக்கொடி வைக்கச் சொன்னதற்கு அக்கா சிரித்தது. "மிளகு காய்க்க வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் எம்புள்ள பள்ளிக்கூடம் போகாம கொடிக்குக் காவலிருக்குமா, சாமி?" என்றது. காரவள்ளியிலிருந்து வரும்போதே பழுத்த பப்பாளியின் விதையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தது. பப்பாளி என்றால் ஒரு வருஷத்துக்குள் காய் பார்த்துவிடலாம். அந்தப் பழத்தை நம்பித்தான் பிள்ளையின் படிப்பு இருந்தது.

அக்கா விதையைச் சாம்பலில் போட்டுத் தேய்க்கும். மேலே வழவழவென்று ஒட்டியிருக்கும் தோல் போனால்தான் ஒழுங்காக முளைக்கும். நிழலில் உலர்த்தி, பால் கவரில் மண் நிரப்பி ஊன்றும். நாற்று சாண் உயரம் வந்ததும் குழிக்கு மூன்றாக நடும். ஒரு குழிக்கு ஒன்று போதாதா என்று கேட்டேன். பப்பாளியில் ஆண் மரமும் உண்டு, பெண் மரமும் உண்டு, பூ வரும் வரைக்கும் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது என்றது. நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண் பூ. தண்டை ஒட்டித் தடிமனாக உட்கார்ந்தால் பெண் பூ. குழிக்கு ஒரு பெண் மரத்தை வைத்துக்கொண்டு மீதியைப் பிடுங்கிவிட்டது. தோட்டத்து மூலையில் ஒரே ஒரு ஆண் மரத்தை மட்டும் விட்டுவைத்தது, மகரந்தத்துக்காக. அதற்கும் தவறாமல் தண்ணீர் ஊற்றும். தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள் நின்று கேலி பேசுவார்கள்.

"ஏனுங்கக்கா, பூத்துப் பூத்துக் கொட்டிட்டு நிக்கறானே, இவனுக்கு எதுக்குத் தண்ணி?"

"ஊட்டுக்கு ஒருத்தன் இப்படித்தான் நிக்கறானுங்க. வெட்டியா போட்டோம்? சோறு போட்டுட்டுத்தான இருக்கறோம்" என்று அக்கா சொன்னதும் அவர்கள் குடத்துத் தண்ணீர் தளும்பத் தளும்பச் சிரித்தார்கள்.

அந்த வருஷம் பழம் நன்றாக வந்தது. அக்கா சந்தைக்குக் கூடை சுமந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போனது. அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெரியவரின் மருமகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெண் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தது. அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அக்கா இரண்டு தடவை போய்ச் சொன்னது. "காய்ச்சல்தானே அம்மிணி, மிளகு பறிச்சு முடியட்டும்" என்றார் மாமா. ஆள் குறைந்தால் மிளகு கொடியிலேயே உதிர்ந்துவிடுமாம். அந்தப் பெண்ணுக்கு நினைவு தப்பிய பிறகுதான் கம்பில் தூளி கட்டித் தூக்கினோம். ஒற்றையடிப் பாதையில் ரோட்டுக்கு வந்தால் பஸ் போயிருந்தது. மிளகு ஏற்றிய லாரியில் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து, வளைவுக்கு வளைவு உருளாமல் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தாய் பிழைத்தது. வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. "காய்ச்சல இப்படி முத்த உட்டுக் கொண்டாந்திருக்கீங்களே, இத்தன நாளா என்ன பண்ணுனீங்க?" என்று நர்சம்மா எங்கள் எல்லோரையும் பார்த்துத்தான் கேட்டார். மாமாவும் அங்கேதான் நின்றார்.

மலைக்குத் திரும்பியதும் பேச்சு வேறாகிவிட்டது. மாசமாக இருக்கிற பெண் பப்பாளி தின்றால் கரு கலைந்துவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெண் என்றைக்கோ வேலியோரம் நின்று அக்கா கையால் ஒரு கீற்றுப் பழம் வாங்கித் தின்றதை ஒருத்தி பார்த்திருந்தாள். அது போதுமாக இருந்தது. கோயில் முன்னால் ஊர் கூடியது. நர்சம்மா கேட்டதை நான் எழுந்து சொன்னேன். "நர்சம்மா மலையிலயா பொறந்தா? நீ அக்காளுக்குப் பரிஞ்சு பேசாத" என்று என்னை உட்காரச் சொன்னார்கள்.

"ஏனுங்க மாமா, பழம் தின்னது எப்போ, காய்ச்சல் வந்தது எப்போ? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டது அக்கா.

"உம்மேல எனக்குக் கோவமில்ல அம்மிணி. மரம் ஊருக்கு ஆகாது, அவ்வளவுதான்" என்றார் மாமா.

பேசி முடித்த கையோடு அரிவாளோடு கிளம்பிவிட்டார்கள். காய்த்து நின்ற பெண் மரங்கள் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தார்கள். மூலையில் நின்ற ஆண் மரத்தைத் தொடவில்லை. அது காய்க்காது, அதனால் அதன்மேல் குற்றமில்லையாம். ஒரு பெண்ணைக் காய்ச்சலோடு போட்டுவைத்தவர் திண்ணென்று நிற்கிறார், தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் தலைகுனிந்து நிற்கிறாள். இது எந்த ஊர் நியாயம்? அக்கா அடுத்த நாளே கூலிக்கு மிளகு பறிக்கப் போனது. பிள்ளையும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு போனது. அந்தக் கூடையைப் பார்த்தும் ஊரில் ஒருவருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை.

அடுத்த வருஷம் மாமாவின் சொந்த மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தது. மழைக்காலம். அதற்கும் காய்ச்சல் கண்டது. வீட்டுக்குள் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். சேதி கேட்டு அக்கா நேராகப் போய் வாசலில் நின்றது. யாரும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அங்கிருந்தே சத்தமாகச் சொன்னது:

"மாமா, இந்த வருஷம் வெட்டறதுக்கு ஊருல மரமில்லீங்க. வண்டியப் பாருங்க."

மாமா நிமிர்ந்து பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கே தூளி கட்டினோம், பஸ் போவதற்குள் ரோட்டைப் பிடித்தோம். தாயும் பிழைத்தது, பிள்ளையும் பிழைத்தது.

அக்கா யாரிடமும் கேட்காமல் மறுபடி விதை ஊன்றியது. இந்த முறை யாரும் தடுக்கவில்லை. நாற்றுக் கேட்டும் வந்தார்கள், அக்கா கொடுத்தது. இப்போது எங்கள் ஊரில் பப்பாளி இல்லாத வீடு இல்லை. பழம் ஏற்றிய வண்டி காரவள்ளிக்கு இறங்கும்போது நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஆனால் அக்காவின் பெண் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. விட்ட படிப்பு விட்டதுதான். ஒரு பொழுதுக்குள் கூடி, பேசி, வெட்டி முடித்த ஊர், "நாங்க செஞ்சது தப்பு அம்மிணி" என்று சொல்வதற்கு இன்றைக்கு வரைக்கும் கூடவில்லை.