தகரக் கொட்டகைக்கு மூன்று பூட்டு

குப்பைக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? நாங்கள் போட்டோம். ஒன்றல்ல, மூன்று.

எண்பதுகளின் தொடக்கம் அது. மராட்டி பேசும் ஊர்ப் பக்கம், கட்கியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஷிப்டு வேலை. பக்கத்துப் போபோடியில் ஒரு சந்தில் குடும்பத்தோடு இருந்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் செபமாலை உண்டு. இவ்வளவுதான் என்னைப் பற்றிச் சொல்ல இருப்பது.

எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு நாலா ஓடியது. சாக்கடையும் மழைத்தண்ணீரும் கலந்து ஆற்றுக்குப் போகும் ஓடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எல்லா வீட்டுக் குப்பையும் அதில்தான் விழும். அந்த வருட மழையில் அது அடைத்துக்கொண்டு தண்ணீர் வீடுகளுக்குள் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் அரிசி டின் மிதந்தது. கட்டிலின் மேல் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, நானும் மனைவியும் முழங்கால் தண்ணீரில் நின்றபடி மாதாவை மன்றாடிக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு, ரிட்டையரான மராட்டி டீச்சரம்மா ஒருவர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பகுதிப் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. எங்கள் மாதா கோயில் தமிழ்ச் சபையிலிருந்து நான் போனேன். வருடா வருடம் பந்தல் போட்டுப் பிள்ளையார் பண்டிகை நடத்தும் கணபதி மண்டலத்திலிருந்து அதன் செயலாளன் வந்தான். மீசையை முறுக்கிவிட்ட இளைஞன், வாய் நிறையச் சிரிப்பு. பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து பேசினோம். காய்கறித் தோல், சோறு, வாடிய பூ எல்லாம் கோயில் சுவருக்குப் பின்னால் தோண்டும் குழிக்குப் போகும், எருவாகும். பேப்பர், புட்டி, டப்பா, துணி எல்லாம் மண்டலத்து இடத்தில் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போகும், பிரித்து விற்கலாம். நாலாவில் இனி எதுவும் விழாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை. கொட்டகை ஏன் மண்டலத்தின் இடத்தில் இருக்க வேண்டும்? எங்கள் பேப்பரை விற்று அவர்கள் பந்தலுக்கு விளக்குப் போடவா? என் பயம் இன்னொன்றும் உண்டு. எங்கள் வீடுகளில் பழைய நாள்காட்டி என்றால் அதில் இருதய ஆண்டவர் படம் இருக்கும், நவநாள் செபத்தாள்கள் இருக்கும். ஒருமுறை ஸ்டேஷனுக்கு வெளியே பேல்பூரி வாங்கினேன். பொட்டலத்தில் ஆண்டவர் முகம். கண்ணோரமாகப் புளிச்சட்னி வடிந்துகொண்டிருந்தது. சாப்பிட முடியவில்லை. அந்தத் தாளைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவர்களுக்கும் எங்கள்மேல் அதே சந்தேகம். குழி ஏன் கோயிலுக்குப் பின்னால்? கணபதிக்குச் சாத்திய பூவைக் கிறிஸ்தவர்கள் மீன்முள்ளோடு புதைப்பார்களா? வீடு வீடாகக் குப்பை கேட்டு வருகிற சாக்கில் வேதத்துக்கு ஆள் சேர்க்கிறார்களா? டீச்சரம்மாவுக்கோ ஆண்பிள்ளைகள் இருவர் மேலும் சந்தேகம். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாவது பூட்டைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

இப்படித்தான் ஒரே கதவில் மூன்று கொண்டி அடித்து மூன்று பூட்டுத் தொங்கியது. மூன்று பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது.

டீச்சரம்மா பழைய புடவைகளைக் கிழித்துப் பை தைத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். அப்போதுதான் கடைகளில் பிளாஸ்டிக் பை தலைகாட்டியிருந்தது, அதை வாங்கக் கூடாது என்றார். என் மனைவி அந்தப் பையை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாள்.

"இது யாரு கட்டுன சேலையோ? செத்தவ சேலையா இருந்தா என்ன செய்ய?"

"துவைச்சித்தான் தைச்சிருக்காங்க."

"நீங்க பாத்தீயளா?"

நான் பார்க்கவில்லை. அவள் அதை வெந்நீரில் போட்டு, தீர்த்தம் தெளித்து, அதன் பிறகுதான் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனாள்.

பிரிக்கிற வேலைக்கு ஒரு ஆள் வேண்டும். ரயில் பாதையோரக் குடிசையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். சேலம் பக்கம், கல் உடைக்க வந்த குடும்பம். புருஷன் செத்துப்போய் இரண்டு பெண் பிள்ளைகளோடு தெருத்தெருவாகப் பேப்பர் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதால் அவள் பொறுக்குவதை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள். பிரித்து விற்பதில் அவளுக்குப் பாதி, மீதியில் தெருவுக்குக் குப்பை டிரம் என்று ஏற்பாடு.

வருவதற்கு முன் அவள் என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, நான் போற தெருவ விட்டுட்டா வேற ஒருத்தி புடிச்சிக்குவா. அப்புறம் நான் அந்தப் பக்கம் காலு வெக்க முடியாது. உங்க கொட்டா நெலச்சு நிக்குமா?"

"நிக்கும்மா. மூணு சங்கம் சேந்து நடத்துறது."

"மூணு சங்கமா," என்று அவள் இழுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மடியில் பீடிக்கட்டு வைத்திருந்தாள், அதுவும் பிடிக்கவில்லை. என்றாலும் நான் சொன்ன வார்த்தையை நம்பித்தான் அவள் தெருவை விட்டாள்.

சிக்கல் உடனே தொடங்கிவிட்டது. எனக்குக் காலை ஷிப்டு என்றால் செயலாளனுக்கு மாலையில் வேலை. இருவரும் இருக்கும் நேரத்தில் டீச்சரம்மா மகள் வீட்டுக்குப் போயிருப்பார். காலையில் வந்து உட்காரும் அந்தப் பெண், கதவு திறக்க ஆள் வரும்வரை கோணிகளின் நடுவில் காத்திருப்பாள். திறந்த பிறகும் நிம்மதி இல்லை. அவள் கையையே நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நிற்போம். என்னைச் சித்தப்பா முறை வைத்து 'காகா' என்றுதான் செயலாளன் கூப்பிடுவான். ஒரு நாள் என் காதருகே வந்து சிரித்தான்.

"காகா, உங்க மதராசி அக்கா கை ரொம்ப வேகம்."

"வேலைக்காரி கை வேகமாத்தான் இருக்கும்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

அவன் எதைச் சொன்னான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. என் மொழிக்காரி என்பதால் அவள் எது செய்தாலும் என் கணக்கில்தான் சேரும். அதனால் அவர்களைவிட நான்தான் அவளை உன்னிப்பாகப் பார்த்தேன்.

கணபதி பண்டிகை வந்தது. மண்டலத்து ஆட்கள் பந்தலே கதியென்று கிடந்தார்கள். செயலாளனைப் பிடிக்கவே முடியவில்லை. "ஆர்த்தி முடியட்டும் காகா," "நாளைக்குக் கண்டிப்பா காகா." கொட்டகை திறக்கவில்லை. கோணிகள் வெளியே குவிந்தன. பண்டிகை மழை வேறு. நனைந்த பேப்பர் கூழாகி நாறத் தொடங்கியது. கச்சராக் குப்பையை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்களே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். சிலர் மறுபடியும் நாலாவில் கொட்டினார்கள். நல்ல பேப்பரையெல்லாம் மண்டலத்தார் முன்பே எடுத்துவிட்டார்கள், அதை மறைக்கத்தான் திறக்காமல் இழுக்கிறார்கள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

சிலைகளைக் கரைத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். மற்ற இருவரும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று பூட்டையும் திறந்தோம். உள்ளே இருந்த குவியல் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

"நிறைய இருந்துச்சே?" என்றேன் செயலாளனைப் பார்த்து.

"அதை உங்க அக்காவைக் கேளுங்க. பின்பக்கத் தகரம் ஆடுது."

"உங்க சுவரோரத் தகரம் அது. நீங்க ஆட்டினா ஆடும்."

"அரே, எங்க கணபதி உங்க பழைய பேப்பரை வச்சா கும்பிட்டார்?"

டீச்சரம்மா எங்களை நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. அப்போது அந்தப் பெண் எழுந்தாள். தமிழில் தொடங்கி இந்திக்குப் போய் மராட்டியில் முடித்தாள், மூன்று பேருக்கும் புரியட்டும் என்று.

"பேப்பரு அமுங்கும் சாமி! குமிச்சு வெச்சா பெருசா தெரியும், பத்து நாளு போனா அடியில படுத்துக்கும். திறந்தே விடல, நான் எங்கேர்ந்து எடுப்பேன்? திறந்தாலும் மூணு போலீசு நிக்குது. இத்தன நாளா என் பொண்ணுங்களுக்குக் கஞ்சிக்கு வழியில்ல. ரயிலு லைனு ஓரம் இன்னொருத்தி அவ தெருவுல பாதி தர்றேன்றா. காலையில பதில் சொல்லணும். நீங்க இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, இந்தக் கதவு தினம் திறக்குமா, திறக்காதா? திறக்காதுன்னா நான் போறேன். இங்க ஒக்காந்து உங்க பூட்ட பாத்துக்கினு இருக்க எனக்கு ஆவாது."

அவள் போய்விட்டால் கொட்டகை குப்பைமேடுதான், நாலா மறுபடி அடைக்கும். எனக்கு அது ஒரு பக்கம். வார்த்தை கொடுத்தவன் நான் என்பது இன்னொரு பக்கம்.

செயலாளன்தான் பந்தலுக்குள் போய் ஒரு நீளச் சங்கிலியை எடுத்து வந்தான். மூன்று கொண்டி வேண்டாம் என்றான். சங்கிலியைக் கதவில் சுற்றி, அதன் இரண்டு முனைகளுக்கு நடுவில் பூட்டோடு பூட்டாக மூன்றையும் கோத்துவிட்டால், யாருடைய சாவியானாலும் ஒன்று போதும், திறந்துவிடும். காலையில் யாருக்கு வசதியோ அவர் வந்து திறக்கலாம்.

நல்ல யோசனைதான். அதனாலேயே எனக்கு உறுத்தியது. ஒருவனே வந்து திறக்கலாம் என்றால் ஒருவனே வந்து எடுக்கவும் செய்யலாம். இவன் ஏன் இதை இவ்வளவு தயாராக வைத்திருக்கிறான்? டீச்சரம்மா முகத்திலும் அதே கேள்வி. ஆனால் அந்தப் பெண் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். பூட்டுகள் சங்கிலியில் கோக்கப்பட்டன.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"சரி, யாரு தெனமும் போய்த் தொறக்கது? நீங்க காலைல ஆறு மணிக்கே போயிருதீய. அந்த மீசக்காரன் எந்திரிக்கதே எட்டு மணிக்கு. அந்தப் புள்ள மறுபடியும் வாசல்லதான இருக்கணும்?"

"முறை வச்சுக்கலாம்."

"மொறையா? நல்லாருக்கு."

அன்று செபமாலையில் என் மனம் நிற்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் அந்தக் கதவுதான் முன்னால் வந்தது. பீடிக்கட்டும் வந்தது, ஆடுகிற தகரமும் வந்தது. செபித்து முடித்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். தீரவே இல்லை. சந்தேகத்தோடேதான் ரயில் பாதைப் பக்கம் நடந்தேன். அவள் குடிசைக்கு வெளியே பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சாவியை நீட்டினேன்.

"இத நீயே வச்சுக்கோ. மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம். சபையில கேட்டா நான் பாத்துக்கறேன்."

அவள் உடனே வாங்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்கு எதனா காணோம்னு எம்மேல போடுறதுக்கா?"

அது எனக்குச் சுருக்கென்றது. நான் மட்டுந்தான் சந்தேகப்படுகிறவன் என்று எப்படி நினைத்தேனோ. இல்லையம்மா என்று சொல்லிவிட்டுச் சாவியை அவள் பக்கத்தில் கிடந்த கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்தபோது கொட்டகை திறந்திருந்தது. புட்டிகள் நிறவாரியாக நின்றன. பேப்பர் கட்டுக்கட்டாகக் கயிறு போட்டிருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நான் தினமும் வரும் வழியில் தகர இடுக்கில் எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னண்ணா, தெனம் வந்து எட்டிப் பாக்குறீங்க? உள்ள மாதா காட்சி குடுக்குறாங்களா?"

வெட்கத்தோடு உள்ளே போனேன். அவள் குனிந்து டப்பாக்களை நசுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்புக் கயிற்றில் சாவி தொங்கியது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றதில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கணபதி மண்டலத்துச் சாவியில்தான் அந்தச் சிவப்புக் கயிறு உண்டு. கூட்டங்களில் அவன் அதை விரலில் சுழற்றிக்கொண்டேயிருப்பான்.

அவன் கொடுத்தானா, இவள் எடுத்தாளா? கொடுத்தான் என்றால் எப்போது, எனக்கு முன்னாலா பின்னாலா? இவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான்தான் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். அவனும் அப்படியே சொல்லியிருப்பானோ? டீச்சரம்மாவின் சாவி இப்போது எங்கே? கேட்கலாம்தான். கேட்டால் அடுத்து அவர்கள் என் சாவி எங்கே என்று கேட்பார்கள்.

"அந்தக் கோணிய இப்படித் தள்ளுங்கண்ணா," என்றாள் அவள். தள்ளினேன்.